தர்மக் கணக்கு

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சத்தியநேசன்.
களத்தில் நேசன் என்றால் போதும்.
லாரிக்காரர், தரகர், ஏலக்கூடத்துக் குமாஸ்தா
யாரும் முன்பாதியைக் கேட்டதில்லை.
நானும் வற்புறுத்தவில்லை.

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற சாலையில்
இரண்டு ஏக்கர் சிமெண்டுக் களம்.
பங்குனி வெயிலில் கொப்பரை தானாகக் காயும்.
ஐப்பசியில் காயாது,
பச்சையும் கருப்புமாய்ப் பூஞ்சை ஏறும்.
கொட்டகையைத் தார்ப்பாயால் மூடி
சட்டியில் கந்தகம் கொளுத்தி வைப்போம்.
விடிந்தால் பருப்பு
ஈஸ்டர் வேட்டி மாதிரி வெளுத்திருக்கும்.

இதற்குப் பாவம் என்று பெயரில்லை.
'புகை போடறது' என்போம்.
ஊரே போடுகிறது.
வாங்குகிறவன் வெள்ளையைத்தான் கேட்கிறான்.
ஆட்டி எண்ணெயானால் எல்லாம் ஒன்றுதான்.
இந்த மூன்றையும்
யாரும் எதுவும் கேட்காத இரவுகளில்
வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.
கேள்வியே இல்லாத இடத்தில்
பதில் எதற்கு என்று மட்டும் யோசிக்கவில்லை.

களத்தில் ஜெபிக்க வந்த புது ஆயர்
வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்.
'என்னங்க இப்படி வாடை?'
'வாடையா?' என்றேன்.
பொய் சொல்லவில்லை. எனக்கு வரவில்லை.
பன்னிரண்டு வருஷத்தில் மூக்கு
என் கட்சியில் சேர்ந்துவிட்டது.

மாராத்தாள், தொட்டியிலிருந்து பருப்பு தோண்டுகிறவள்.
ஐப்பசியில் இருமல் பிடித்தது.
கார்த்திகையில் முந்தானையில் சிவப்பு.
'தூசிங்க' என்று டாக்டரிடம் சொன்னேன்,
அவள் வாய் திறக்கும் முன்னால்.
பில் நாலாயிரத்து முந்நூறு. நான்தான் கட்டினேன்.
அன்றிரவு பேரேட்டில்
தர்மம் என்று தலைப்பிட்டு எழுதினேன்.
எழுத்து அழகாக விழுந்தது.
நன்றாக உறங்கினேன்.

லெந்து நாட்களில் சபை முழங்காலிட்டு அறிக்கையிடும்.
'நாங்கள்' என்று தொடங்கும்.
பவானி ஜமக்காளம் போல அகலமான சொல்.
இருநூறு பேர் தாராளமாக அதில் உட்காரலாம்.
அடியில் ஓர் ஆள் சுருண்டு படுத்திருந்தால்
வெளியே தெரியாது.
பன்னிரண்டு லெந்தும் நான் அங்கே படுத்திருந்தேன்.

போன ஞாயிறு வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு.
சோதோமின் மேல் நெருப்பு விழுகிற இடம்.
எத்தனையோ தடவை வாசித்த அதிகாரம்.
கந்தகம் என்று வாய் சொல்லியது.
கிலோ அறுபத்தெட்டு என்று மனசு சொல்லியது.
அப்படியே நின்றுவிட்டேன்.
அடுத்த வசனம் கண்ணில் இருந்தது, நாக்கில் இல்லை.
முன்வரிசையில் எபநேசர் எழுந்து
தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

சாயங்காலம் அவள் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.
கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்,
இரண்டு புடைப்புக்கு ஓர் இருமல்.
'தூசி இல்லை மாராத்தா. கந்தகம்.'
வழியெல்லாம் கனத்துக்கொண்டு வந்த சொற்கள்,
இறக்கிவைத்தால் ஒரு கைப்பிடிகூட இல்லை.
அவள் முறத்தை நிறுத்தவில்லை.
'தெரியுமுங்களே' என்றாள்.

தெரியும்.
களத்தில் அத்தனை பேருக்கும் தெரியும்.
டாக்டருக்குத் தெரிந்திருக்கும்.
ஆண்டவருக்குத் தெரியாமலா.
நான் மறைத்தது
என் ஒருவனிடமிருந்து.
அதற்கா இத்தனை தார்ப்பாய்.

பேரேட்டில் தர்மத்தை அடித்துக்
கடன் என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்துத் தொகையையும் அடித்தேன்.
அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

நேற்று ராத்திரி கோடை மழை.
பதினோரு டன் நனைந்துவிட்டது.
கொட்டகையில் இரண்டு மூட்டைக் கந்தகம்,
சாவி என் இடுப்பில்.
விடிய நேரமிருக்கிறது.
ஈரச் சிமெண்டில் வெறும் முழங்காலோடு
'ஆண்டவரே, நான்'
என்று தொடங்கினேன்.
அதற்குமேல் வாக்கியம் வரவில்லை.

வாடை வருகிறது.